உடம்புக்கு என்ன என்று வேலை இடத்தில் யாருக்குத் தெரியலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட் ஆபீஸில் பதினேழு வருடம் கிளார்க்காக இருந்தேன். மஸ்டர் என்கிற வருகைப் பதிவேடு, லீவு, மருத்துவ பில், சிக் சம்பளம் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். இப்போது வேலையில் இல்லை, ஆனாலும் படிவம் எழுதித் தரச் சொல்லி வீட்டுக்கு வருகிறார்கள். எஸ்டேட் ஆட்கள், ஃபேக்டரி ஆட்கள், ஊட்டி லாட்ஜில் ரூம் வேலை பார்க்கும் பெண்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள். எழுதி முடித்ததும் எழுந்து போகாமல், கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள். சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன், ஆளைக் காட்டிக் கொடுக்கும் விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

"ஒடம்பு சரியில்லன்னு லீவு போட்டா என்ன வியாதின்னு ஆபீஸ்ல சொல்லியே ஆகணுமாக்கா?"

பெரும்பாலும் தேவையில்லை. வேலை கொடுப்பவருக்கு நியாயமாகத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: எத்தனை நாள் வரமாட்டீர்கள், திரும்பி வந்ததும் எந்த வேலை செய்யலாம், எது கூடாது. நோயின் பெயர் இந்த இரண்டிலும் இல்லை. மஸ்டரில் 'மருத்துவ விடுப்பு' என்று எழுதினால் கணக்கு சரியாகவே நிற்கும், பதினேழு வருடம் எழுதியவள் சொல்கிறேன்.

சிக்கல் சர்ட்டிபிகேட்டில்தான். டாக்டர்கள் பழக்கத்தில் நோயின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். எழுதுவதற்கு முன்பே "ஆபீஸில் கொடுக்க வேண்டும், ஓய்வு எத்தனை நாள், என்ன வேலை கூடாது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள் சார்" என்று கேளுங்கள், பெரும்பாலானவர்கள் எழுதித் தருவார்கள். இன்சூரன்ஸ் கிளெயிம், ஈஎஸ்ஐ மாதிரியான இடங்களுக்கு நோயின் பெயர் தேவைப்படலாம். அந்தக் காகிதம் அங்கேதான் போக வேண்டும், மேஸ்திரி கைக்கு இல்லை.

"அப்ப மேனேஜருக்கே தெரியக்கூடாதா? அவர்தானே சம்பளம் குடுக்கறார்?"

தெரியவே கூடாது என்று இல்லை. எவ்வளவு தெரிய வேண்டும் என்பதுதான் கேள்வி. வேலை பிரித்துக் கொடுக்கும் சூப்பர்வைசருக்கு "இந்த மாதம் இவருக்குச் சரிவுப் பக்கம் வேண்டாம்" என்பது போதும். சம்பளம் போடும் கிளார்க்குக்கு நாள் எண்ணிக்கை போதும். வேலையையே மாற்ற வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயம் என்றால் மேனேஜரிடம் நேரில், நீங்களாக, எவ்வளவு விருப்பமோ அவ்வளவு சொல்லலாம். அவரிடம் சொன்னது அவரோடு நிற்க வேண்டும். சம்பளம் கொடுக்கிறார் என்பதற்காக உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டு அவருக்குச் சொந்தமாகிவிடாது.

"டிஸ்பென்சரில கம்பவுண்டர்கிட்ட சொன்னா அது நேரா துரைகிட்ட போயிடுமா?"

மலைத் தோட்டங்களில் இந்தப் பயம் பழசு, காரணமும் உண்டு. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததிலிருந்து தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதனால் டாக்டரும் நர்ஸம்மாவும் கம்பவுண்டரும் துரையிடமே, அதாவது எஸ்டேட் மேனேஜரிடமே, சம்பளம் வாங்குகிறவர்களாக இருக்கிறார்கள். மாலையில் தொழிலாளர்கள் குடியிருக்கும் அதே லைன் வீடுகளில், பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். மாத அறிக்கை கொடுக்கும்போது எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு நாய்க்கடி என்று எண்ணிக்கை சொன்னால் போதும். பெயரோடு சொல்வது பழக்கமாகிவிட்டது, அதை யாரும் தப்பென்று நினைப்பதும் இல்லை.

டாக்டர்களுக்கு இதில் தெளிவான விதி இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியிடமிருந்து தெரிந்துகொண்டதை டாக்டர் வெளியில் சொல்லக் கூடாது. விலக்கு மூன்றுதான்: நீதிமன்றம் கேட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ பெரிய ஆபத்து இருந்தால், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தால். துரை கேட்டால் என்று நான்காவது ஒன்று கிடையாது. டிஸ்பென்சரியில் சொல்லும்போதே "இது இங்கேயே இருக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொன்னவர்களுடைய விஷயத்தில் அவர்கள் கவனமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

"யாரும் வேணும்னு சொல்லல, அதுவா வெளிய வந்துடுச்சு. இதுக்கு யாரைக் குத்தம் சொல்றது?"

இதற்கு என் கதையையே சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலச் சனிக்கிழமை. அடுத்த வார லீவுப் பட்டியலைக் கம்ப்யூட்டர் திரையிலிருந்து போனில் படமெடுத்து சூப்பர்வைசர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். யார் வரமாட்டார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும். கடைசிக் கட்டத்தில் 'காரணம்' இருந்தது, அதை மறைக்க மறந்துவிட்டேன். கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவின் பெயருக்கு நேராக 'டிபி மாத்திரை வாங்க' என்று இருந்தது.

நாலு மணிக்கு எடை போடும் கொட்டகைக்குப் போனேன். பைகள் எப்போதும் தோளோடு தோள் உரசுகிற மாதிரி வரிசையாக இருக்கும். அந்த அக்காவின் பைக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. குடத்துப் பக்கத்தில் அவர் குடித்துவிட்டு வைத்த டம்ளரை ஒரு பெண் கையால் தொடாமல் குச்சியால் ஓரமாகத் தள்ளினாள். அக்கா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எடைச் சீட்டுக்குக் கையை நீட்டினார். சீட்டை எழுதிக் கொடுத்தது நான். அவருக்கு அப்போது தெரியாது, எப்படி வெளியே வந்தது என்று.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனால் குற்றம் என்னுடையதுதான். வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் அந்த அக்காவுக்கு நடந்தது ஒரு துளியும் குறையவில்லை. அதற்கப்புறம் கவனித்தேன், ஆபீஸில் இது ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடிமேல் மறந்து விட்ட சர்ட்டிபிகேட், மேஜைமேல் விரித்துக் கிடக்கும் லீவு நோட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் போன், அட்வான்ஸ் நோட்டில் 'ஆபரேஷனுக்கு' என்று எழுதுவது. பட்டியலில் 'காரணம்' என்ற கட்டத்தையே எடுத்துவிட்டேன். இல்லாத கட்டத்தை மறைக்க மறக்க முடியாது.

"அக்கறைலதானே விசாரிக்கறாங்க. அதுல என்ன தப்பு இருக்கு?"

விசாரிப்பதில் தப்பு இல்லை. "எப்படி இருக்கீங்க, ஏதாவது ஒத்தாசை வேணுமா" என்று கேட்பது ஒன்று, "எந்த டாக்டர், என்ன டெஸ்ட், என்ன சொன்னாங்க" என்று தோண்டுவது வேறு. முதல் கேள்விக்கு இஷ்டப்பட்டதைப் பதிலாகச் சொல்லலாம். இரண்டாவதில் சொல்லாவிட்டால் மறைக்கிறாள் என்றாகிவிடும்.

நான் பார்த்தவரையில் விஷயம் வெளியே போவது பகையால் அல்ல, பெரும்பாலும் பரிவால்தான். ஒருவருக்குக் கட்டி ஆபரேஷன், எல்லாரும் சேர்ந்து பணம் திரட்டுகிறார்கள், நோட்டீஸ் போர்டில் பெயரும் நோயும் எழுதி ஒட்டுகிறார்கள். திரட்டிய பணத்தால் குடும்பம் பிழைக்கிறது, ஆனால் அவர் பெண்ணுக்கு வரன் பேசும்போது அந்த போர்டு நினைவுக்கு வருகிறது. ஹட்டியிலும் (படுகர் ஊர்) லைனிலும் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. பஸ்ஸில் எந்த ஸ்டாப்பில் இறங்கினார் என்பதை வைத்தே கதை கட்டிவிடுவார்கள். பணம் திரட்டுங்கள், அதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை: "என்னவென்று எழுதட்டும்?" 'மருத்துவச் செலவுக்கு' என்று எழுதினாலும் கொடுக்கிறவர்கள் கொடுக்கத்தான் செய்வார்கள்.

"சுகர், பிரஷருக்கெல்லாமா இவ்வளவு யோசிக்கணும்?"

சுகர் இருப்பதை டீக்கடையிலேயே சொல்கிறவர்கள் உண்டு. அது அவர்கள் விருப்பம். சொல்லாதவர் விஷயத்தில் நீங்கள் சொல்லாதீர்கள், அவ்வளவுதான். சின்ன நோய், பெரிய நோய் என்று தரம் பிரிப்பது நம் வேலை இல்லை.

"டிபின்னா எல்லாருக்கும் சொல்லித்தானே ஆகணும், ஒட்டிக்கிற வியாதியாச்சே?"

சொல்ல வேண்டும், ஆனால் எல்லாருக்கும் அல்ல. 2012 முதல் டிபி கண்டறிந்த டாக்டர், தனியார் டாக்டராக இருந்தாலும், அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். மேலே சொன்ன மூன்றாவது விலக்கு இதுதான். அதற்கப்புறம் வீட்டில் இருப்பவர்களுக்கும் நெருங்கிப் பழகுகிறவர்களுக்கும் பரிசோதனை செய்வது சுகாதாரப் பணியாளர்களின் வேலை. அவர்களே "எல்லாருக்கும் ஒரு நெஞ்சுச் சளிப் பரிசோதனை" என்று பொதுவாக முகாம் போடலாம், பெயர் சொல்லாமலே நடக்கும். மஞ்சள் பையும் கோப்புமாக நேரே வீட்டு வாசலுக்கு வர வேண்டாம், ஓரிடத்தில் சந்திக்கலாம் என்று நோயாளியும் அவர்களிடம் கேட்கலாம்.

பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. டிபி காற்றில் பரவுவது, டம்ளரில் அல்ல. மருந்துக்குக் கட்டுப்படும் வகை என்றால், சரியான மாத்திரை தொடங்கிச் சுமார் இரண்டு வாரத்தில் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும். சத்துணவுக்கென்று அரசு மாதம் 500 ரூபாய் தந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறது. ஊர் தூற்றும் என்று பயந்து மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவரால்தான் உண்மையில் மற்றவர்களுக்கு ஆபத்து. அந்தக் கொட்டகை சம்பவத்துக்குப் பிறகு அந்த அக்கா பத்து நாள் மாத்திரை வாங்கப் போகவில்லை. நர்ஸம்மா போய்ப் பேசித் திரும்பக் கூட்டி வந்தார்.

"வேலைக்குச் சேரும்போது ரத்தம் எடுத்தாங்க மேடம். எச்ஐவி டெஸ்ட்டும் பண்ணியிருப்பாங்களோ?"

உங்கள் சம்மதம் இல்லாமல் பண்ணக் கூடாது. எச்ஐவி, எய்ட்ஸ் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை கொடுக்க எச்ஐவி பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது, பாதிப்பு இருப்பதைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது, ஒருவருடைய நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று அதில் இருக்கிறது. என்ன பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறீர்கள் என்று லேபிலேயே கேளுங்கள், ரிப்போர்ட்டின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும்.

100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும், மருத்துவமனை என்றால் 20 பேரே போதும். உங்கள் இடத்தில் அவர் யார் என்று பொதுவாக விசாரியுங்கள், எனக்காக என்று சொல்லாமல், எல்லாருக்குமாக. கேட்கிற விதத்திலேயே மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

"எனக்கு சிக்கிள் செல் இருக்கு. குளிர்ல நின்னா வலி வந்துடுது. வியாதியச் சொல்லாம எப்படி வேலைய மாத்திக் கேட்கறது?"

சிக்கிள் செல் என்பது ரத்தத்தின் சிவப்பணுக்களைப் பாதிக்கும் பரம்பரை நோய். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடி ஊர்களிலிருந்து இதை அடிக்கடி கேட்கிறார்கள். குளிர், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, அளவுக்கு மீறிய உழைப்பு எல்லாம் இந்த நோயில் வலியைக் கிளப்பிவிடும். நம் மலையில் மார்கழி, தை மாதக் காலையில் புல் மேல் உறைபனி கிடக்கும், அப்போது ஈரத்தில் நிற்பது அவர்களுக்குத் தாங்காது. முதல் பதிலில் சொன்ன சர்ட்டிபிகேட்டே போதும்: "அதிகாலைக் குளிரிலும் ஈரத்திலும் வேலை கூடாது, அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும்." பெயர் வேண்டாம்.

ஆனால் இதில் நான் ஒன்று சேர்த்துச் சொல்வேன். வலி திடீரென்று வந்தால் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓட ஒருவர் வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்பிக்கையான ஒருவரை நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லி வையுங்கள். சிக்கிள் செல் நோய் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று, அதனால் சான்றிதழ் பெறவும் வழி உண்டு. சான்றிதழைக் காட்டிச் சலுகை கேட்டால் நோய் தெரிந்துவிடும், அந்தக் கணக்கை நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, மரபணுவைச் சுமப்பவர் மட்டும் என்றால் பொதுவாக நோயாளி கிடையாது. ஆபீஸிலும் கல்யாணப் பேச்சிலும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள், இதனால் கெட்டுப்போன சம்பந்தங்கள் எனக்குத் தெரியும்.

"மூணு மாசம் முடியட்டும்னு யாருகிட்டயும் சொல்லல. ஆனா மருந்தடிக்கிற பக்கம் போட்டுட்டாங்க, என்ன பண்றது?"

வயிற்றில் பிள்ளையோடு பூச்சிமருந்து அடிக்கும் பக்கம் போகாதீர்கள், அது முதலில். மேனேஜரிடமோ நர்ஸம்மாவிடமோ தனியாக "டாக்டர் மருந்து வாடையே கூடாது என்று சொல்லியிருக்கிறார்" என்று சொல்லலாம், அலர்ஜி இருப்பவரும் அதையேதான் சொல்வார். நர்ஸம்மாவிடம் உண்மையைச் சொல்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கரு கலைந்துபோனவர்களும் வந்து கேட்கிறார்கள். சட்டப்படி அவர்களுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதற்குச் சான்று கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தை ஒட்டிய உறையில் போட்டு, படிக்க வேண்டிய ஒருவர் பெயரை எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பெண் திரும்பி வருகிற அன்று வாசலில் வைத்து ஆறுதல் சொல்லாதீர்கள். நாலு பேர் பார்க்க அழ வைத்துவிடுவீர்கள்.

"மனநல டாக்டரைப் பார்த்தது பில் வழியா ஆபீஸுக்குத் தெரிஞ்சிடுச்சு. இப்ப எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க."

பில்லில் நோய் எழுதியிருக்கத் தேவையில்லை, மேலே அச்சடித்த டாக்டரின் பட்டமே சொல்லிவிடும். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சை பெறுகிறவருடைய ரகசியத்தை உரிமையாகவே எழுதியிருக்கிறது, ஆனால் அது முக்கியமாக மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் கட்டுப்படுத்துவது. பில்லைக் கையில் வைத்திருக்கும் கிளார்க்கைக் கட்டுப்படுத்துவது ஆபீஸின் ஒழுங்குதான். கம்பெனி இன்சூரன்ஸ் என்றால் நேரடியாக இன்சூரன்ஸ் ஆட்களுக்கே அனுப்ப முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் முடியும்.

பார்வை மாறியதற்கு உடனே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். "தூக்கம் வரவில்லை, போய்ப் பார்த்தேன்" என்பதற்கு மேல் ஒரு விளக்கமும் நீங்கள் யாருக்கும் தர வேண்டியதில்லை, அதையும் விருப்பம் இருந்தால்தான்.

"நான்தான் தெரியாம வெளிய விட்டுட்டேன். இப்ப என்ன செய்யணும்?"

குரூப்பில் போட்டிருந்தால் எல்லாருக்கும் அழிக்கும்படி உடனே அழியுங்கள். அப்புறம், வேறு யாரும் சொல்வதற்கு முன், சம்பந்தப்பட்டவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் இதைச் செய்ய இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன், அந்த இரண்டு நாளும் அந்த அக்கா தன் தங்கைமேல் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். போய் நின்று, "நான்தான் அனுப்பினேன், மறைக்க மறந்துட்டேன்" என்றேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டே, "தங்கச்சிகிட்டயும் நீயே வந்து சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன்.

பார்த்தவர்களிடம் "அதை மறந்துவிடுங்கள்" என்று நீளமாகப் பேசாதீர்கள், பேசப் பேசப் பரவும். "அது தவறுதலாக வந்தது, யாருக்கும் அனுப்ப வேண்டாம்" என்று ஒரே வரி. "அது உண்மை இல்லை" என்று பொய் சொல்லவும் வேண்டாம், அந்தப் பொய்யைக் காப்பாற்றும் பாரமும் அவர் தலையில்தான் விழும். மேலதிகாரியிடம் என்ன நடந்தது என்று சொல்லும்போதும் நோயின் பெயரைத் திரும்பச் சொல்லாதீர்கள்.

"எனக்கு இது நடந்துடுச்சு. எங்க போய்ச் சொல்றது, கோர்ட்டுக்கா?"

எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம், ஒரே வாசல் என்று இல்லை. டாக்டர் வெளியிட்டிருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். எச்ஐவி என்றால் மேலே சொன்ன புகார் அதிகாரி, அவருக்கு மேல் மாநிலக் குறைதீர்ப்பாளர். ஆபீஸ் என்றால் முதலில் எழுத்தில் மேனேஜருக்கு, யூனியன் இருந்தால் அவர்கள் வழியாக. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வருகின்றன. அதுவும் கம்ப்யூட்டரிலும் போனிலும் இருக்கும் தகவலுக்குத்தான். நோட்டில் மட்டும் இருப்பதற்குச் செல்லாது, நோட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் செல்லும்.

ஸ்கிரீன்ஷாட், தேதி, யார் முன்னால் சொன்னார்கள் என்பதை அன்றைக்கே குறித்து வையுங்கள். பெண்களுக்கும், எஸ்சி எஸ்டி பிரிவினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், புகார் கொடுக்கும்போது விஷயம் இன்னும் சில பேர் கண்ணில் படும். உங்கள் நோக்கம் இனிமேல் நடக்கக் கூடாது என்பதா, நடந்ததற்கு நியாயமா என்று தெளிவாக இருந்தால் எந்த வாசலுக்குப் போவது என்பதும் தெளிவாகும்.

"எங்க ஃபேக்டரி வண்டி டிரைவருக்கு வலிப்பு இருக்குக்கா. அவரே நம்பிச் சொன்னார். அந்த வண்டிலதான் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுது. இதையும் சொல்லாம இருக்கணுமா?"

இருக்கக் கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வருவதற்கே 14 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டியில் 36. இந்த ரோட்டில் ஒரு நிமிஷ மயக்கம் என்பது எல்லாருடைய உயிர். லைசென்ஸுக்குக் கொடுக்கும் உடல்தகுதி உறுதிமொழியிலேயே வலிப்பு, திடீர் மயக்கம் உண்டா என்ற கேள்வி இருக்கிறது. டாக்டர்களுக்கு விலக்கு என்று சொன்னேனே, குறிப்பிட்ட ஒருவருக்குப் பெரிய ஆபத்து என்பது, அது இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

ஆனால் முதலில் அவரிடமே போங்கள், இன்றைக்கே. "நீங்களே போய் வண்டி ஓட்ட முடியாது என்று சொல்லிவிடுங்கள், நானும் கூட வருகிறேன், நாளைக் காலை வண்டி எடுக்கிறதுக்குள் சொல்ல வேண்டும்." பெரும்பாலும் அவருக்குச் சம்பளம் போய்விடுமே என்ற பயம்தான் இருக்கும், அதனால் வண்டி ஓட்டாத வேறு வேலை கேட்பதற்கான மருத்துவச் சீட்டுக்கு வழி சொல்லுங்கள். அவர் மாட்டேன் என்றால், டூட்டி போடும் அந்த ஒரே ஒருவரிடம் மட்டும், "டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை இவரை ஓட்ட விடாதீர்கள்" என்று சொல்லுங்கள். அவர் ஏன் என்று கேட்டால் ஓட்டும்போது நினைவு தப்பலாம் என்பதுவரை போகலாம், அதற்கு மேல் அவர் குடும்பம், எத்தனை வருடமாக இருக்கிறது என்பதெல்லாம் வேண்டாம். பிள்ளைகளின் அம்மாக்கள் புது டிரைவரைப் பார்த்து "அண்ணன் எங்கே?" என்று கேட்பார்கள். டூட்டி மாற்றம் என்று சொன்னால் போதும்.